ஒன்பதாவது குரோமோசோமில் இரண்டு வெட்டுகள்

டெல்டாவில் சம்பாவுக்கு விதைநெல் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் "சி.ஆர். 1009 சப் 1 இருக்கா?" என்று கேட்கிறார்கள். பழைய சி.ஆர். 1009-ஐ எல்லாருக்கும் தெரியும். பொன்மணி என்று பெயர். குண்டு நெல், 5 மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர், இட்லிக்கு ஆகும், மில்லுக்கும் பிடிக்கும். அதன் வாலில் புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'சப் 1' என்ன என்று விதைக்கடையில் கேட்டால், "தண்ணி தாங்கும் சார்" என்பார்கள். அவ்வளவுதான். பதில் சரியானதும்கூட. ஆனால் அந்த வால் ஒட்டுவதற்கு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏன் அத்தனை காலம் என்ற கேள்விக்கு விடை, நெற்பூவுக்குள் நடக்கும் ஒரு சின்ன வெட்டு ஒட்டு வேலையில் இருக்கிறது.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காரைக்கால் காவிரியின் கடைமடை. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்ற துண்டு நிலம், 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரை அவர்களிடம் இருந்தது. நிலப்பக்கம் எல்லாம் பழைய தஞ்சை ஜில்லா, மிச்சம் கடல். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று சொல்லிக்கொள்ள ஆறுகளுக்குக் குறைவில்லை. பிரச்சினை என்னவென்றால், வேண்டும்போது தண்ணீர் கடைசியாக எங்களிடம் வரும்; வேண்டாதபோது எல்லாருடைய தண்ணீரும் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போகும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கிய 7 டி.எம்.சி. முழுக்கக் காரைக்காலுக்கானதுதான். அது மேட்டூர்க் கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் வானம் தருவதற்கு எந்த மன்றமும் கணக்கு வைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கடலும் பொங்கி நிற்கும், காற்று முகத்துவாரத்துக்கு எதிராக அடிக்கும், வாய்க்கால் வடியாது. நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய்விடும். 2008 நவம்பர் 27-ஆம் தேதி 'நிஷா' புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தபோது டெல்டா முழுக்க இதுதான் நடந்தது. மேலே பார்த்தால் ஏரி, அடியில் வயல்.

நெல் தண்ணீர்ப் பயிர்தானே, தண்ணீரில் எப்படிச் சாகும் என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. வேர் தண்ணீரில் இருக்கலாம், தலை இருக்கக் கூடாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயுக்கள் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. மூழ்கிய பயிருக்கு மூச்சு கிடைக்காது. கலங்கல் தண்ணீர் என்றால் வெளிச்சமும் கிடையாது. பயிரே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அதை நெல் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது: 'மூழ்கிவிட்டோம், மேலே போ.' உடனே கையிருப்பு மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துத் தண்டையும் இலையையும் நீட்டும். தண்ணீர் 3, 4 நாளில் வடிந்தால் பிழைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் கையிருப்பு தீர்ந்துவிடும். வடிந்த பிறகு பார்த்தால், நீண்டு வெளுத்த பயிர் சேற்றில் மடிந்து கிடக்கும்.

இந்த ஓட்டத்தில் ஜெயித்த நெல்களும் உண்டு. நம் மடுமுழுங்கி அந்த வகை. தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறும், ஆள் உயரத்துக்கு மேல் போகும். ஆனால் ஒடிசாவின் தாழ்நிலங்களில் உழவர்கள் வைத்திருந்த ஒரு நெல் நேர் எதிரான வழியைக் கண்டுபிடித்திருந்தது. தண்ணீர் ஏறினால் அசையாமல் இருந்துவிடும். வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைத் தொடாமல், இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். வடிந்ததும் எதுவும் நடக்காததுபோல் துளிர்க்கும். அந்த நாட்டு ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்த தேர்வுக்கு எஃப்.ஆர். 13 ஏ என்று பெயர் வைத்தார்கள். எஃப்.ஆர். என்றால் வெள்ளம் தாங்கும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சர்க்கார் பெயர் வைத்தால் அப்படித்தான் இருக்கும். இது 1940-களிலேயே நடந்துவிட்டது. 1946-இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. ராமையா, கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பயின்று வளர்ந்தவர்.

ஆக, மருந்து 1940-களில் கையில் இருந்தது. நோயாளி கடைமடையில் இருந்தார். நடுவில் என்ன தடை?

எஃப்.ஆர். 13 ஏ நெட்டை ரகம், காற்றடித்தால் சாயும், விளைச்சல் குறைவு, அரிசியும் சாப்பாட்டுக்குச் சுமார். தண்ணீர் தாங்கும் என்ற ஒரே குணத்துக்காக மற்ற ஒன்பது குணத்தையும் சகித்துக்கொள்ள யாரும் தயாரில்லை. சரி, அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்து நல்ல நெல்லில் வைக்கலாமே? என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு இது ஒரு வரி வேலை: ஒரு கோப்பிலிருந்து ஒரு ஃபங்ஷனை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டு. செடியில் அந்த வசதி இல்லை. செடி தன் சொந்த முறைப்படிதான் வெட்டும், அதுவும் தனக்குத் தோன்றிய இடத்தில்.

அந்த முறை இதுதான். நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது ஜோடியில் ஒன்றுதான் போக வேண்டும். அப்படிப் பிரிவதற்கு முன், குன்றல் பகுப்பின் தொடக்கத்தில், ஜோடியின் இரண்டு இழைகளும் நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அங்கங்கே இரண்டும் ஒரே இடத்தில் அறுபட்டு, இதன் துண்டு அதிலும் அதன் துண்டு இதிலுமாக ஒட்டிக்கொள்ளும். இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். அதனால் பிள்ளைக்குப் போகும் குரோமோசோம் தாத்தாவுடையதும் அல்ல, பாட்டியுடையதும் அல்ல. கொஞ்சம் தாத்தா, கொஞ்சம் பாட்டி. கூடப் பிறந்தவர்கள் ஒரே அச்சாக இல்லாமல் இருப்பதற்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, எந்த ஜோடியிலிருந்து எது போகிறது என்ற சீட்டுக்குலுக்கல்.

பாடப்புத்தகத்தில் இந்த இடத்தில் 'பன்முகத்தன்மை உருவாகிறது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். நெல்லைப் பொறுத்தவரை அது அவ்வளவு எளிதல்ல. நெல் தன் பூவுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் சூலுறும். தலைமுறை தலைமுறையாக இப்படியே போனால் ஜோடியின் இரண்டு இழைகளும் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் குறுக்கேற்றம் நடந்து என்ன? ஒரே மாதிரியான இரண்டு சீட்டுகளை மாற்றிக்கொள்வதுபோல. காரைக்காலில் ஒரு மா நிலத்துப் பூக்களுக்குள் தினமும் நடக்கும் குறுக்கேற்றங்களை எண்ணி முடிக்க முடியாது, எல்லாம் வீண். அது பலனளிக்க வேண்டுமானால் முதலில் யாராவது ஒருவர் இரண்டு வேறு நெல்களைச் சேர்த்துவைக்க வேண்டும். ஒரு நெல்லின் பூவில் உமியின் நுனியை நறுக்கி, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, மறுநாள் காலை இன்னொரு நெல்லின் மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். ராமையாவின் தலைமுறை இதைத்தான் செய்தது. 1917-லேயே கோயமுத்தூரில் பார்னெல், ரங்கசாமி அய்யங்கார், ராமையா மூவரும் நெல்லில் குணங்கள் எப்படி வழிவழியாக வருகின்றன என்று ஆய்வறிக்கை வெளியிட்டுவிட்டார்கள். 1950-களில் இந்திய நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலக்கும் பெருந்திட்டம் கட்டாக்கில் நடந்தது. தஞ்சாவூரைக் கலக்கிய ஆடுதுறை 27 அதன் வழி வந்ததுதான். நாம் சாப்பிடும் பொன்னியும், மலேசியா போய்ச் சுற்றிவந்தாலும், அதே திட்டத்தின் பேத்தி.

எஃப்.ஆர். 13 ஏ-வையும் இப்படிக் கலந்து பார்த்தார்கள். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு அங்கேயும் முயன்றார்கள். தண்ணீர் தாங்கும் பிள்ளைகள் பிறந்தன. ஆனால் நெட்டையோ மட்ட அரிசியோ கூடவே வந்தது. 1990-களின் தொடக்கத்தில் விளைச்சலும் தாங்கும் திறனும் சேர்ந்த ஒரு வகை கிடைத்தது. அதையும் உழவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கடைமடைக்காரருக்கு வேண்டியது புது நெல் அல்ல. அவருடைய அதே நெல், அதே நாள்கணக்கு, அதே அரிசி, தண்ணீர் நின்றால் சாகாமல் இருக்கிற ஒன்று மட்டும் கூடுதல்.

அதற்கு ஒரு பழைய வழி உண்டு. கலப்புப் பிள்ளையை மறுபடி நம் நெல்லோடு சேர்ப்பது. அதன் பிள்ளையில் தண்ணீர் தாங்குவதைப் பொறுக்கி மறுபடி நம் நெல்லோடு. ஒவ்வொரு முறையும் அந்நிய ரத்தம் பாதியாகக் குறையும். முதல் கலப்பில் 50 சதவீதம் நம்முடையது, பிறகு 75, 87.5, 93.75. ஆறு முறை செய்தால் 99-ஐத் தாண்டிவிடும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் மற்ற 11 ஜோடிகளுக்குத்தான் இது சரி. நாம் விடாமல் பிடித்துவைத்திருக்கும் மரபணு உட்கார்ந்திருக்கும் குரோமோசோமில் கதை வேறு. அதை விடாமல் பிடிக்கிறோம் என்றால் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கிறோம். வெட்டு நடுவில் விழுந்தால்தான் அவர்கள் பிரிவார்கள். நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் சுமார் 2.3 கோடி எழுத்துகள், ஏறத்தாழ 2,000 மரபணுக்கள். ஒரு பகுப்பில் அங்கே விழும் வெட்டு ஒன்றோ இரண்டோதான். அது நமக்கு வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்திலேயே விழ என்ன வாய்ப்பு? கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் தெருவே வருவதுபோல் ஆகிவிடும். 1989-இல் அமெரிக்காவின் யங், டாங்க்ஸ்லி என்ற இருவர், காட்டுத் தக்காளியிலிருந்து வைரஸ் தாங்கும் மரபணு ஒன்றை இப்படி மாற்றிய ரகங்களைச் சோதித்தார்கள். 11 முறை திரும்பத் திரும்பக் கலந்த ஒரு ரகத்தில்கூட, காட்டுத் தக்காளியின் குரோமோசோம் கை ஒன்று முழுசாக அப்படியே இருந்தது. 11 தலைமுறை உழைப்பிலும் வேண்டிய இடத்தில் ஒரு வெட்டு விழவில்லை. விழுந்த செடி எங்காவது இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பார்க்க எல்லாச் செடியும் ஒரே மாதிரிதானே இருக்கும்.

வெட்டு விழும் இடத்தைப் பார்ப்பது எப்படி என்பதற்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1909-இல் பெல்ஜியத்து ஜான்சென்ஸ் நுண்ணோக்கியில் குரோமோசோம் ஜோடிகள் குறுக்காகப் பின்னிக்கிடப்பதைப் பார்த்து, இங்கே இழைகள் அறுந்து மாறுகின்றன என்றார். நியூயார்க்கில் பழ ஈக்களை வைத்துக்கொண்டிருந்த தாமஸ் ஹன்ட் மார்கன் அதைப் பிடித்துக்கொண்டார். சில குணங்கள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன, எப்போதாவது பிரிகின்றன. பிரிவது இந்த அறுப்பால்தான் என்று ஊகித்தார். அவரிடம் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டவன்ட் 1911-இல் ஒரு நாள் ராத்திரி வீட்டுப்பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ஒரு கணக்குப் போட்டார். இரண்டு மரபணுக்கள் அடிக்கடி பிரிந்தால் தூரத்தில் இருக்கின்றன, அரிதாகப் பிரிந்தால் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியானால் பிரியும் சதவீதமே தூரம்! விடிவதற்குள் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டார். 1913-இல் அது அச்சானது. மரபணு எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், அது எங்கே இருக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவர் அளந்துவிட்டார். எங்கள் துறையில் இப்படியொன்று நடந்திருந்தால் அதை வைத்தே நான்கு கம்பெனி தொடங்கியிருப்பார்கள்.

இழை நிஜமாகவே அறுந்து மாறுகிறதா என்பதைக் கண்ணால் காட்டியவர்கள் 1931-இல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும். மக்காச்சோளத்தில் ஒரு நுனியில் குமிழும் மறுநுனியில் அந்நிய ஒட்டும் கொண்ட ஒரு குரோமோசோமை எடுத்து, விதையின் நிறமும் மாவுத்தன்மையும் இடம் மாறும்போதெல்லாம் குமிழும் ஒட்டும் பிரிவதை நுண்ணோக்கியில் காட்டினார்கள். அதுவும் ஒன்பதாவது குரோமோசோம்தான். மக்காச்சோளத்தின் ஒன்பதுக்கும் நெல்லின் ஒன்பதுக்கும் சம்பந்தமில்லை, எண் ஒத்துப்போனது தற்செயல். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எஃப்.ஆர். 13 ஏ-வின் ரகசியத்தைத் தேடியவர்கள் கையில் எடுத்தது ஸ்டர்டவன்டின் அதே அளவுகோலைத்தான். குமிழுக்குப் பதிலாக, குரோமோசோமில் அங்கங்கே இரண்டு ரகங்களுக்கும் எழுத்து மாறுபடும் இடங்களை அடையாளக்கற்களாக வைத்துக்கொண்டார்கள். 1996-இல் கெனாங் ஷுவும் டேவிட் மக்கிலும் தண்ணீர் தாங்கும் குணத்தின் பெரும்பகுதி ஒன்பதாவது குரோமோசோமின் ஓரிடத்திலிருந்து வருகிறது என்று கண்டு, அதற்கு சப் 1 என்று பெயரிட்டார்கள். பிறகு ஆயிரக்கணக்கான செடிகளில் இன்னும் நெருக்கமான வெட்டுகளைத் தேடித் தேடி வட்டத்தைச் சுருக்கினார்கள். 2006-இல், பமீலா ரொனால்டும் ஜூலியா பெய்லி-செரஸும் சேர்ந்த குழு சப் 1 ஏ என்ற ஒற்றை மரபணுவை அடையாளம் காட்டியது. எத்திலீன் 'மேலே போ' என்று கத்தும்போது 'சும்மா இரு' என்று அடக்குவது இதுதான்.

இடம் தெரிந்ததும் பழைய வழி புது வழியானது. ஆந்திரத்தின் ஸ்வர்ணா நெல்லோடு கலந்து திரும்பக் கலந்தார்கள். இந்த முறை எந்தச் செடியையும் தண்ணீரில் மூழ்கடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை, நாற்றின் ஒரு துண்டு இலை போதும். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் முதலில் சப் 1 இருப்பவை. அவற்றுள் மரபணுவுக்கு ஒரு பக்கத்தில், மிகக் கிட்டத்தில், வெட்டு விழுந்தவை. விரல்விட்டு எண்ணும் அளவுதான் தேறும். இரண்டு பக்கமும் ஒரே பகுப்பில் கிட்டத்தில் விழ வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு வெட்டு விழுந்தால் பக்கத்திலேயே இன்னொன்று விழுவதைக் குரோமோசோம் தவிர்க்கும். எனவே ஒரு பக்கம் வெட்டுப்பட்ட செடியைத் திரும்ப ஸ்வர்ணாவோடு சேர்த்து, அடுத்த தலைமுறையில் மறுபக்க வெட்டைத் தேடினார்கள். இரண்டு தலைமுறை, இரண்டு வெட்டு. யாரும் மரபணுவை வெட்டி ஒட்டவில்லை. வெட்டியது எப்போதும்போல் செடிதான். தக்காளியில் 11 தலைமுறையில் கிடைக்காதது இங்கே இரண்டு மூன்று முறையில் கிடைத்தது, ஏனென்றால் வெட்டு எங்கே விழுந்தது என்று பார்க்கத் தெரிந்துவிட்டது. அப்போதும் சப் 1-ஐச் சுற்றி எஃப்.ஆர். 13 ஏ-வின் 20, 30 லட்சம் எழுத்துகள் கூடவே வந்தன. அவை தொந்தரவு செய்யாத அக்கம்பக்கத்தார், விட்டுவிட்டார்கள்.

2009-இல் ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் வெளியானது. நிஷாவுக்கு அடுத்த வருடம். அதே வழியில்தான் 2010-களில் நம் சி.ஆர். 1009-க்கும் அந்த வால் வந்து சேர்ந்தது.

போன வருடம் நெடுங்காட்டுப் பக்கம் வயல் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சப் 1 போட்டுப் பார்த்தவர் அவர். பொறுமையாகக் கேட்டார்.

"நெல்லு நல்ல நெல்லுதான் தம்பி. பத்து நாளு உள்ள கெடந்து எந்திரிச்சிச்சு, நானே பாத்தேன். ஆனா அர அடித் தண்ணி ஒரு மாசம் வடியாம நிக்குதே, அதுக்கு?"

அவர் சொல்வது சரி. முழுக்க மூழ்கி வடியும் வெள்ளத்துக்கானது சப் 1. பாதிப் பயிர் வெளியே தெரிய வாரக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்குக் கொஞ்சம் நீளத் தெரிந்த நெல்தான் வேண்டும். 'சும்மா இரு' என்ற கட்டளை அங்கே உதவாது. வாய்க்காலைத் தூர்வாருவதற்கு மாற்றாக எந்த மரபணுவையும் சொல்ல முடியாது. கடல் உள்ளே வந்து மண் உப்பாவதும் தனிக் கதை. அதற்குக் கேரளத்துப் பொக்காளியிலிருந்து வந்த சால்டால் என்ற பகுதி முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. நம் குழியடிச்சானும் களர்பாளையும் உப்பைத் தாங்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டு குணத்தையும் ஒரே நெல்லில் சேர்க்க, இன்னொரு முறை இரண்டு பக்க வெட்டுகளையும் தேட வேண்டும்.

"அதுகூடப் பரவால்லடா. தையில பேயுது பாரு ஒரு மழ. 2021-ல பொங்கலுக்குப் பேஞ்சுதே. அறுப்புக்கு நின்ன கதிரு அப்புடியே சாஞ்சு, கதிருலயே மொளச்சுப் போச்சு. அதுக்கு என்ன வச்சிருக்காங்க?"

கதிரிலேயே முளைப்பதைத் தடுப்பது விதை உறக்கம். அதற்கான மரபணு ஒன்றை 2010-இல் ஜப்பானியர்கள் ஏழாவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். நன்றாக உறங்கவைக்கும் வடிவம் கசலத் என்ற இந்திய வகை நெல்லிலிருந்து வந்தது. அதைச் சொல்லிவிட்டு, உறங்கும் நெல்லை எடுத்த கையோடு விதைக்க முடியாது, அது ஒரு சங்கடம் பெரியப்பா என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். "தையில அறுக்குறோம். வெதைய அடுத்துத் தொடுறது ஆனியில. நடுவுல அஞ்சு மாசம் சும்மாத்தான கெடக்கு? ஒரு மாசம் தூங்குனாப் போதும். அதுக்கு மேல தூங்குனாலும் எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."